சோம்பு வாசம் எங்கிருந்து வருகிறது? தோட்டத்து ஊரில் சின்னப் பயணங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வேலைக்குப் போகும் வழியில் பாதித் தூரம் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) காடுதான். மோட்டாரில் பத்து நிமிடம். சில நாள்களில் வெயில் ஏறும் நேரத்தில் அந்த இடத்தைக் கடந்தால் சோம்பு வாசம் அடிக்கும். யாரோ சட்டியில் போட்டு வறுப்பது போல இருக்கும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு கிடையாது. பல வருடமாக அந்த வாசத்தை முகர்ந்துகொண்டே போயிருக்கிறேன். வண்டியை நிறுத்தியது போன வருடம்தான்.

சாலையோரம் ஆளுயரத்துக்கும் குறைவான இளஞ்செடிகள். மட்டைகளுக்கு நடுவே விரல் விரலாக நீட்டிக்கொண்டு, வெண்ணெய் நிறத்தில் ஒரு பூங்கொத்து. அதைச் சுற்றி மிளகுத் தூளைத் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். குனிந்து பார்த்தேன். புள்ளிகள் நகர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு வண்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும், முன்னால் ஒரு சின்ன மூக்கு. வாசம் அந்தப் பூவிலிருந்துதான் வந்தது.

அது செம்பனையின் ஆண் பூங்கொத்து என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. மரத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு மகரந்தம் சுமக்கும் வண்டைக் கொண்டுவரவில்லை. அதனால் பல தோட்டங்களில் ஆட்களே பூவுக்குப் பூ போய் மகரந்தம் சேர்க்க வேண்டியிருந்தது. 1981இல்தான் கேமரூனிலிருந்து வந்த இந்தக் கூன்வண்டைத் தோட்டங்களில் விட்டார்கள். ஆண் பூவின் வாசத்துக்கு வண்டு வரும். பெண் பூவும் அதே வாசத்தைக் கொஞ்சமாக விடும். வண்டு ஏமாந்து அங்கே போகும், மகரந்தம் போய்ச் சேரும்.

இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு செய்தி போலச் சொன்னேன். "அந்த வேலையத்தான் நான் செஞ்சேன்," என்றார். பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை. மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, ஒரு குப்பியில் போட்டு, பெண் பூ விரிகிற அன்றைக்குப் பார்த்து அமுக்கி அடிக்க வேண்டும். வருடக்கணக்காக எங்கள் வீட்டுக்கு முருங்கைக்கீரை கொடுத்து அனுப்பும் பாட்டி. அவர் கையில் இப்படி ஒரு வேலை இருந்தது எனக்குத் தெரியாது.

வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தியதில் கிடைத்தது இவ்வளவு. அதற்குப் பிறகு வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினேன். எப்படிச் செய்தேன், எது பலித்தது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். "இந்த ஊர்ல என்னா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டு கோலாலம்பூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வேலை, சமையல், பிள்ளை என்று ஓடி, தனக்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லாத அக்காக்களையும்தான்.

படி 1: ஒரு 555 வாங்குங்கள், ஒரு வாரம் கேள்வி மட்டும் எழுதுங்கள்

555 நோட்டு எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு. மளிகைக்கடை தவுக்கே, அதாவது முதலாளி, அதில் கடன் கணக்கு எழுதுவார். எங்கள் அம்மாவின் 555இல் அரிசி, மைலோ, மண்ணெண்ணெய் என்று வரிசையாக இருக்கும். சம்பள நாளன்று குறுக்கே ஒரு கோடு விழும். அதே நோட்டை வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழகான டைரி வாங்கினால் அழகாக எழுதத் தோன்றும், பிறகு எழுதாமலே விட்டுவிடுவோம். 555இல் எதையும் கிறுக்கலாம்.

முதல் வாரம் பதில் தேட வேண்டாம். கைப்பேசியை எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். கண்ணில், காதில், மூக்கில் பட்ட கேள்வியை இடத்தோடும் நேரத்தோடும் எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தவை இவை:

காலை 9.40, செம்பனைக் காடு: சோம்பு வாசம் எங்கிருந்து?
அதே காடு: கம்பத்தின் மேல் நிற்கும் மரப்பெட்டி எதற்கு?
ஒட்டுக்கடை (சாலையோரச் சின்னக் கடை): தே (தேநீர்) இழுக்கும் அண்ணன் எப்போதும் ஒரே கையைத்தான் உயர்த்துகிறாரா?
பசார் மாலாம் (இரவுச் சந்தை): முதல் கூடாரம் எத்தனை மணிக்கு எழும்புகிறது? யாருடையது?
மலாயில் சிப்புட் என்றால் நத்தை. ஆற்றுக்கு ஏன் நத்தையின் பெயர்?

நடந்து போய்ப் பார்க்க முடிகிற கேள்வியாக இருக்கட்டும். "எனக்கு ஏன் எல்லாம் சலிக்கிறது?" என்பதும் கேள்விதான், ஆனால் அதைப் பார்க்க எந்த முச்சந்தியில் போய் நிற்பது? ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி போதும். ஒரு நாள் ஒன்றுமே தோன்றாவிட்டால் அன்றைய தேதியை மட்டும் போட்டுவிடுங்கள்.

படி 2: தெரிந்த பாதையில் தெரியாத நேரத்தில் போங்கள்

புது இடம் தேட வேண்டியதில்லை. தினமும் போகிற பாதையை நாம் தினமும் ஒரே நேரத்தில்தான் பார்க்கிறோம். தோட்டத்து ஊரில் நேரம் மாறினால் ஆட்களும் சத்தமும் வாசமும் மொத்தமாக மாறிவிடும். தோட்ட வாழ்க்கையே மணி அடித்து நடந்ததுதான். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டு, மத்தியானம் பால் நிறுவை.

ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டு நான்கு வாரத்தில் நான்கு நேரம் போய்ப் பாருங்கள்.

விடியற்காலை: ரப்பர் இன்னும் இருக்கிற பக்கமாகப் போனால் இருட்டில் தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். நம் தாத்தா பாட்டி ஏன் அந்த நேரத்தில் எழுந்தார்கள் என்பது அங்கே நின்று பார்த்தால் உடம்புக்கே புரிகிறது.

உச்சி வெயில்: காய்க்கும் பருவமாக இருந்தால் ரப்பர் காய் வெடிக்கும் சத்தம் கேட்கும். அதைப் பற்றி அடுத்த படியில் நிறையச் சொல்ல வேண்டும்.

மாலை ஐந்து மணி: பழக்குலை ஏற்றிய லாரிகள், பள்ளித் திடலில் பந்து, ஒட்டுக்கடையில் வடைச் சட்டி. இது எல்லோரும் பார்ப்பதுதான்.

மாலை மங்கும் நேரம்: எனக்குப் பிடித்த நேரம் இது. அந்த மரப்பெட்டிக் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில், சாலையோரமாக நின்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டையில் வெள்ளையாக ஒரு முகம் வந்தது. பாதியாக வெட்டிய ஆப்பிளின் வடிவம். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு இறக்கையை விரித்துப் பறந்தது. எனக்கு மிகப் பக்கமாகத்தான் போனது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. கூகை. எலி பிடிப்பதற்காகவே தோட்டங்களில் இப்படிப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். எலி செம்பனைப் பழத்தைத் தின்று நாசம் செய்யும். கூகை எலியைத் தின்னும். எங்கள் அம்மாவுக்கு ஆந்தை என்றாலே ஆகாது, கூரையில் அலறினால் விளக்கேற்றி வைப்பார். பெட்டி வைத்துப் பாதுகாக்கிறார்கள் என்று நான் சொன்னதும், "அப்ப நம்ம லயத்துல எலி இல்லாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்," என்றார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். விளக்கேற்றுவதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

படி 3: ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்து, சலிக்கும் வரை பாருங்கள்

நான் எடுத்தது ரப்பர் கொட்டை. பால்மரக் காட்டோரம் வளர்ந்த யாருக்கும் அறிமுகம் தேவையில்லாத பொருள். சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் கையில் சூடு வைத்திருப்போம். ஒன்றன் மேல் ஒன்று வைத்து அமுக்கி, எது உடைகிறது என்று பந்தயம் கட்டியிருப்போம். ஆனால் உற்றுப் பார்த்திருப்போமா?

ஒரு காய்க்குள் வழக்கமாக மூன்று கொட்டைகள். காய் முற்றிக் காய்ந்து, வெயிலில் ஓடு இறுகி, ஒரு கட்டத்தில் பட்டென்று வெடிக்கும். கொட்டைகள் பல மீட்டர் தூரம் தெறிக்கும். தகரக் கூரையில் விழுந்தால் கல் விழுந்தது போலக் கேட்கும். மரத்துக்குக் கால் கிடையாது, பிள்ளைகளைத் தூர அனுப்ப அது கண்டுபிடித்த வழி இது.

இப்போது ஒரு கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். பளபளப்பான பழுப்பு நிறம், அதன் மேல் கருமையும் வெளுப்புமாகத் திட்டுகள், மழைநீர் ஓடிக் காய்ந்த மண்ணைப் போல. ஒரு பக்கம் சப்பை, ஒரு பக்கம் திரட்சி. மற்றொரு கொட்டையை அதன் பக்கத்தில் வையுங்கள். திட்டுகள் வேறு மாதிரி இருக்கலாம், அல்லது அச்சாக ஒன்று போலவே இருக்கலாம். இங்கேதான் ஒரு துப்பறியும் வேலை ஒளிந்திருக்கிறது.

கொட்டையின் மேல்தோல் தாய் மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. அப்பா மரம் எதுவாக இருந்தாலும், ஒரு மரத்தின் கொட்டைகள் எல்லாவற்றுக்கும் தோலின் வடிவும் திட்டும் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். ரப்பர் ஆராய்ச்சிக்காரர்கள் கொட்டையைப் பார்த்தே ஒட்டு ரகத்தை அடையாளம் சொல்வார்கள். பழைய வெட்டுக்காரர்கள் "அறுநூறு" என்று சொல்வார்களே, அந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 இப்படி ஒரு ரகம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கொட்டை விழும் காலத்தில் ஐம்பது கொட்டைகள் பொறுக்குங்கள். வீட்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து, சாயல் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடுங்கள். நம்மைவிட அவர்கள் கண் கூர்மை. அக்காள் மகள் பிரித்தபோது ஏழு குடும்பம் வந்தது. மறுநாள் அதே இடத்துக்குப் போய், எந்த மரத்தடியில் எந்தச் சாயல் அதிகம் என்று பார்த்து நான்கு தாய்களைக் கண்டுபிடித்தோம். ஒட்டுக் கன்றாக நட்ட தோட்டத்தில் இது பலிக்காது, வரிசை முழுக்க ஒரே ரகமாக இருக்கும். கம்பத்து (கிராமத்து) ஓரத்தில் தானாக முளைத்த பழைய மரங்களுக்குக் கீழேதான் சுவாரசியம். கொட்டையைச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பச்சையாகத் தின்றால் விஷம்.

ரப்பர் கொட்டைதான் வேண்டும் என்பதில்லை. பால் மங்கு (பால் வடியும் கிண்ணம்), ஈர்க்குச்சி விளக்குமாறு, செம்பனைத் தண்டில் ஒட்டி வளரும் பெரணி, எதுவும் ஆகும். ஒன்றை மட்டும் எடுங்கள், அரை மணி நேரம் அதோடு இருங்கள்.

படி 4: பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் "உங்க கதையச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால், "என்னா கதை இருக்கு, கஷ்டந்தான்," என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் இரண்டு மூன்று தடவை தோற்றுத்தான் இதைக் கற்றேன். "பசியாறிட்டீங்களா?" என்று தொடங்குங்கள். உட்காருங்கள். பிறகு கையால் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். "கத்திய எப்புடித் தீட்டுவீங்க?" "மழ வந்துட்டா மங்குல இருக்குற பால என்னா பண்ணுவீங்க?" கேட்டவுடன் கை அசையத் தொடங்கும். கை அசைந்தால் வாய் தானாக வரும். பவுடர் அடித்த பாட்டி, இல்லாத குப்பியை இரண்டு விரலால் அமுக்கிக் காட்டியபோதுதான் அந்தப் பூ எந்த உயரத்தில் இருந்தது, எத்தனை முள் குத்தியது, மண்டோர் (மேற்பார்வையாளர்) எங்கே நின்று கத்தினார் என்பதெல்லாம் வந்தது.

அவர்கள் வாயில் வரும் சொற்களை 555இல் எழுதிக்கொள்ளுங்கள். பெரட்டு, மங்கு, கிராணி (கணக்கர்), ஆயாக்கொட்டகை (வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் இடம்). பெரட்டு ஆங்கிலப் பரேடிலிருந்து வந்தது, மங்கு மலாய் மங்கோக்கிலிருந்து வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு லயம் காலியாகி, எல்லோரும் தாமான் (ஊர்க் குடியிருப்பு) வீடுகளுக்கு வந்த பிறகு இந்தச் சொற்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தோட்டத்துக்கே இரண்டு பெயர் இருக்கும்: பலகையில் துரைமார் வைத்த பெயர், ஆட்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர். அந்த இரண்டாவது பெயர் பெரியவர்களோடு போய்விடும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், அதனால்தான் இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அதையும் பெரியவர்களை வைத்துக்கொண்டே திறங்கள். எங்கள் பெட்டியில் தாத்தாவின் கூட்டுறவுப் பங்குச் சீட்டு கிடைத்தது. மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் கைமாறித் துண்டுபட்ட காலத்தில், தொழிலாளிகளே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று ஏற்பட்டது. சம்பந்தன் நாடாளுமன்றத்துக்குப் போனதும் நம் சுங்கை சிப்புட்டிலிருந்துதான். பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர், பூச்சி அரித்த தாளில் தாத்தாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

படி 5: பார்த்ததை ஏதாவது ஒரு பொருளாக்குங்கள்

மாதத்துக்கு ஒன்று போதும். ஒரே உட்காரலில் முடியக்கூடியதாக, ஒரு ஆளிடமாவது காட்டக்கூடியதாக இருக்கட்டும். நான் செய்து பார்த்தவற்றில் மூன்று சொல்கிறேன்.

வாச வரைபடம்: வீட்டிலிருந்து கடைத்தெரு வரை ஒரு கோடு போட்டு, எந்த இடத்தில் என்ன வாசம் என்று குறிப்பது. ரொட்டிக் கடை, சாம்பிராணி, ஈர மண், சோம்பு. வேலைக்கு வெளியூர் போன தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவனாக இரண்டு வாசத்தைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினான்.

ஒரு மரம், ஒரு வருடம்: ஒரே ரப்பர் மரத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை சிவந்து, உதிர்ந்து, மொட்டையாகி, மறுபடி தளிர்க்கும். படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் மரம் மூச்சு விடுவது போல இருக்கும்.

ஊர்ப் பெயர் மொழிபெயர்ப்பு: பிள்ளைகளோடு பஸ்ஸில் போகும்போது விளையாட நல்லது. சுங்கை சிப்புட் நத்தையாறு. பத்து காஜா யானைக்கல். சுங்கை பட்டாணி உழவனாறு. புக்கிட் ரோத்தான் பிரம்புக்குன்று. தெலுக் இந்தான் வைர விரிகுடா. சங்க காலத்துப் பெயர்களைப் போல ஒலிக்கவில்லையா?

படி 6: அரைநாள் பயணம்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊர் எல்லையைத் தாண்டுங்கள். எங்களுக்குப் பக்கம் கோலகங்சார், காரில் அரை மணி நேரம் ஆகும். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாக (சுல்தானின் ஆலோசகராக) இருந்த ஹியூ லோ காலத்தில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது என்கிறார்கள். பிரேசிலில் பொறுக்கிய விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கப்பலேறி வந்த வம்சம். நம் ஆட்களில் எத்தனையோ பேர் கடல் தாண்டியதற்குக் காரணமான மரத்தின் மூத்த உறவு. வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். நான் போனபோது என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அப்புறம் ஆற்றுக்கு அக்கரையில் சாயோங். சுரைக்காய் வடிவில் கறுப்பு மண்பானை செய்கிறார்கள், லாபு சாயோங். சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைத்து அந்தக் கறுப்பை ஏற்றுகிறார்கள். ஒன்று வாங்கித் தண்ணீர் ஊற்றி வையுங்கள், சில்லென்று இருக்கும்.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

தோட்டம் தனியார் நிலம். சாலையோரத்தைத் தாண்டி உள்ளே போவதானால் ஆபீசிலோ மண்டோரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழத்தைப் பொறுக்காதீர்கள், அது தோட்டத்துச் சொத்து, திருட்டுப் பட்டம் வரும். எலி இருக்கும் இடத்தில் நல்லபாம்பும் இருக்கும். நீள்காற்சட்டையும் மூடிய காலணியும் போட்டுக்கொள்ளுங்கள், மட்டைக் குவியலில் கை வைக்காதீர்கள். மருந்து அடிக்கும் நாளில் போக வேண்டாம். குலை வெட்டும் மரத்தடியில் நிற்கவே கூடாது. பிற்பகலில் வானம் இருண்டால் உடனே திரும்புங்கள், நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். விடியலிலும் அந்தியிலும் கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். பெண்கள் தனியாகப் போவதைவிட ஒரு துணையோடு போவது நல்லது; துணை இருந்தால் கேள்வியும் இரண்டாகும்.

போன சனிக்கிழமை மண்டோரிடம் கேட்டுக்கொண்டு, பவுடர் அடித்த பாட்டியைக் காரில் அந்த இளஞ்செடிகளிடம் கூட்டிப்போனேன். தன் வேலையை எடுத்துக்கொண்ட வண்டைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பூ விரலை ஒடித்து, முகர்ந்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"வேல முடிஞ்சி வீட்டுக்குப் போனா எங்க வூட்டுக்காரரு கேப்பாரு," என்றார். "என்னா இன்னிக்கும் சோம்பு அரைச்சியான்னு."